நெல்லூர் எருதுகள் காட்டிய நோய்

ராயகிரிப் பக்கத்தில் புதிதாகப் போர் போட்டுத் தண்ணீர் வந்தால், ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். கலங்கல் இல்லை, குடித்துப் பார்த்தால் உப்புக் கரிப்பும் இல்லை. "நல்ல தண்ணி" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நீங்களும் அப்படிப் பார்த்திருப்பீர்கள். கண்ணும் நாக்கும் தரும் இந்தச் சான்றிதழை எவ்வளவு தூரம் நம்பலாம்?

1930-களில் நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே சில ஊர்களில் உழவு எருதுகள் மூட்டு இறுகி, நடக்க மாட்டாமல் நின்றன. இதை முதலில் கவனித்தவர்கள் உழவர்களே. பின்னர் மனிதரிடமும் அதே கோளாறு தெரிந்தது. பல்லில் பழுப்புக் கறை, முதுகில் விறைப்பு, நோய் முற்றியவர்களுக்குக் கூன். கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், மக்ராபர்ட், பார்னார்டு, நாயர் ஆகியோருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தார். 1937-இல் முடிவு வெளியாயிற்று. குற்றவாளி, கிணற்று நீரில் கரைந்திருந்த ஃபுளூரைடு! (இதே ஷார்ட்தான் 1948-இல் கார்ன்ஹாமுடன் சேர்ந்து, மலேரியாக் கிருமி மனிதக் கல்லீரலில் மறைந்து வளர்வதைக் கண்டவர். அந்தப் புகழில் நெல்லூர்ப் பணியை நாம் மறந்துவிடலாகாது.)

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இவ்வரலாற்றில் தனி மகிழ்ச்சி உண்டு. பார்னார்டு சென்னையின் எக்ஸ் கதிர் நிபுணர். அவர் பெயரில் அங்கே ஒரு நிலையமே இருக்கிறது. இந்நோயில் எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு வழக்கத்தைவிட வெண்மையாக, அடர்த்தியாகத் தெரியும். அமெரிக்காவிலோ, கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகர மக்களின் பற்கறைக்குக் காரணம் தேடிப் பல் மருத்துவர் மக்கே 1901 முதல் முப்பது ஆண்டுகள் அலைந்தார். அலுமினியக் கம்பெனி ஒன்றின் வேதியியலார் சர்ச்சில், 1931-இல் வேறோர் ஊரின் நீரை நிறமாலைமானியில் வைத்துப் பார்த்த பிறகே புதிர் விடுபட்டது. சாதாரண நீர்ச் சோதனையில் அதுவரை எவரும் ஃபுளூரைடைத் தேடியதேயில்லை.

இந்த ஃபுளூரைடை ஆலைகள் மட்டும் கொட்டுவதில்லை. கருங்கல் போன்ற கடும்பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது மெல்ல மெல்ல நீரில் கரைகிறது. நீரில் கால்சியம் மிகுந்தால் ஃபுளூரைடு கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்தால் கரைந்தே நிற்கும். அதாவது, பருப்பு வேகவில்லை என்று நாம் ஏசும் கடின நீரைக் காட்டிலும், மென்மையான இனிய நீரில் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கலாம். காய்ச்சினால் போகாதா என்பீர்கள். கிருமி சாகும், ஃபுளூரைடு சாகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல் ஈறுக்குள் உருவாகும் இளம் வயதிலேயே கறை உள்ளே அமைந்துவிடுகிறது. எட்டு வயதுக்குப் பின் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. எலும்போ ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைக்கிறது.

நாகபுரி ஆய்வு நிலையம் 1970-களில் உருவாக்கிய நல்கொண்டா முறையில், சுண்ணாம்பும் படிகாரமும் இட்டு ஃபுளூரைடைக் கசடாக இறக்குவர். எளியதுதான், ஆனால் அந்தக் கசடை எங்கே கொட்டுவது? நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் இத்தொல்லையை நெடுங்காலம் அனுபவித்தார்கள். அங்கே கிணற்று நீரைத் திருத்துவதைவிட வேறு நீர் தருவதே மேல் என்று கருதி, காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் திட்டத்தை 2013-இல் தொடங்கினார்கள்.

உங்கள் வீட்டு நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். எடுத்துச் செல்லும்போது பிளாஸ்டிக் புட்டியே நல்லது. ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது.