இரண்டாம் பின், மூன்றாம் பின்

எலக்ட்ரானிக் தராசு கம்ப்யூட்டருக்கு எடையை அனுப்பவில்லை என்று ஆய்வகங்களிலிருந்து அழைப்பார்கள். புரோகிராமில்தான் கோளாறு என்பார்கள். நான் முதலில் கையில் எடுப்பது மல்டிமீட்டர். சீரியல் கேபிளின் 2, 3 பின்கள் நேராகப் போகின்றனவா, குறுக்கே மாறுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

இந்தக் குழப்பம் பழையது. 1960-ல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் சீரியல் இணைப்புக்கான ஆர்.எஸ்.-232 தரத்தைக் கொண்டுவந்தபோது, ஒரு முனையில் டெலிடைப் என்ற தந்தித் தட்டச்சு, மறுமுனையில் மோடம் என்றுதான் கணக்கு. 2, 3-ல் யார் எந்தக் கம்பியில் பேசுவது, எதில் கேட்பது என்று அந்த இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். தராசும் பி.எச். மீட்டரும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. தராசு டெலிடைப் கட்சியா, மோடம் கட்சியா? ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது. இரண்டு பக்கமும் டெலிடைப் வேஷம் கட்டினால், இருவரும் ஒரே கம்பியில் பேசுவார்கள், கேட்க ஆளிருக்காது. 1984-ல் ஐ.பி.எம். தன் பி.சி.-ஏ.டி.யில் சீரியல் இணைப்பின் 25 பின்னை 9 ஆக்கியபோது, 2-ம் 3-ம் தங்களுக்குள் வேலையை மாற்றிக்கொண்டன. கேட்க வேண்டுமா!

திரையில் குப்பை எழுத்து வந்தால் எனக்கு நிம்மதி. கம்பி சரி, செட்டிங்தான் தப்பு. தராசு ஏழு பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்ப, புரோகிராம் எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று படித்தால், 0, 3, 5, 6, 9 ஒழுங்காக வரும். 1, 2, 4, 7, 8 மட்டும் கெடும். 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கச் சேர்க்கும் பாரிட்டி பிட்டும் எழுத்தோடு சேர்ந்துவிடுவதால் வரும் வினை. இதைப் பார்த்தவுடனே மேனுவலைப் புரட்டாமல் சொல்லிவிடலாம்.

எல்லாம் பொருந்தியும் தராசு வாய் திறக்கவில்லையென்றால், கட்டளையின் கடைசியில் வரி முடிவுக் குறிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அதுவும் டெலிடைப் விட்டுச்சென்ற வழக்கம்தான். 1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப, ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. அதனால் முதலில் 'கேரேஜ் ரிட்டர்ன்', அது ஓடிவரும் இடைவெளியில் தாளை ஒரு வரி நகர்த்தும் 'லைன் ஃபீட்'. திரும்புவதற்கு எதுவுமே இல்லாத தராசும் இன்றுவரை அந்த இரண்டையும் எதிர்பார்க்கிறது. புரோகிராம் எழுதியவர் லைன் ஃபீடை மட்டும் அனுப்பியிருப்பார். கட்டளை இன்னும் முடியவில்லை என்று தராசு காத்துக்கொண்டே இருக்கும்.