கை தட்டலும் கை கொடுத்தலும்

கடியப்பட்டணத்துப் பழைய ஆட்களுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் தொடங்கி வைத்த மருத்துவப் பணி அது. 1922-இல் எவரெஸ்ட் ஏற வந்த டாக்டர் சாமர்வெல், மலை இறங்கிய பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபடி நெய்யூர் வந்து சேர்ந்தார். அங்கே இருந்ததோ ஒரே ஒரு அறுவை மருத்துவர். காத்திருந்த நோயாளிகளின் வரிசையோ நீளம். அவர் சமாளிக்க முடியாமல் திண்டாடுவதைப் பார்த்த சாமர்வெல், அப்போதே கூடச் சேர்ந்து வேலை செய்தார். பிறகு லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய வாழ்வை விட்டுவிட்டு, 1923-இல் நெய்யூருக்கே வந்துவிட்டார்.

சோர்ந்தவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் புரிந்துகொண்டார். கொரோனா காலத்தில் நாம் புரிந்துகொண்டோமா?

செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஐ அறிவித்திருந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு நிறைவு அது. அந்த ஆண்டிலேயே நோய் வந்தது. மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கை தட்டியது. மே 3-ஆம் தேதி விமானப்படை ஆஸ்பத்திரிகள் மேல் பூத்தூவியது. இடையில் ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன் பணிபுரிந்த மருத்துவர் பிரதீப் குமார்தான் மண்வெட்டியும் கையுமாக அவரை அடக்கம் செய்தார்.

ஆசாரிப்பள்ளம் தொடங்கி எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும், தலை முதல் கால் வரை மூடிய உடைக்குள் மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல், ஒதுங்கவும் போகாமல் நின்றவர்கள் நர்சுகள். வீட்டுக்குப் போனால் பிள்ளையைத் தொடப் பயம். பக்கத்து வீட்டுக்காரர் முகம் திருப்பினால் அது வேறு வேதனை. வேலையினால் மனம் வற்றிப்போகும் இந்த நிலையை 1974-இலேயே நியூயார்க்கின் உளவியலாளர் பிராய்டன்பர்கர் எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதை வேலையால் வரும் பாதிப்பு என்று வகைப்படுத்தியது. ஆளின் பலவீனம் என்று ஒதுக்கிவிடக்கூடாது என்பதே இதன் பொருள்.

தமிழ்நாட்டில் பெருந்தொற்றுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நர்சுகளின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. அவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. அவசரத்துக்கு வந்த கைகளை அவசரம் முடிந்ததும் விட்டுவிட்டால், அடுத்த நோய் வரும்போது மிச்சமிருப்பவர்கள்தானே சுமக்க வேண்டும்?

நம் கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இழுக்க ஆள் குறைந்தால் இருப்பவர் கை பொத்துப்போகும். மணலில் நின்று கை தட்டினால் மடி கரையேறாது. கயிற்றைப் பிடிக்க இன்னும் நாலு பேர் வேண்டும்.