மேற்கு முனையில் அமைதி: நாவலும் படங்களும்

எரிக் மரியா ரெமார்க் என்ற ஜெர்மானியர் 1929-இல் நூலாக வெளியிட்ட முதல் உலக யுத்த நாவல். பள்ளி ஆசிரியரின் தேசபக்திப் பிரசங்கத்தில் மயங்கிப் படையிற் சேர்ந்த பவுல் பாய்மர், தோழர்களை ஒவ்வொருவராக இழந்து, போர்முனையில் விசேஷமொன்றும் இல்லையென்று ராணுவம் அறிவித்த 1918 அக்டோபர் நாளொன்றில் மடிகிறான். தலைப்பின் கசப்பு அவ்வறிக்கையிலேயே இருக்கிறது.

லூயிஸ் மைல்ஸ்டோனின் 1930-ஆம் ஆண்டு அமெரிக்கப் படம், அறிக்கையை விடுத்து, பதுங்குகுழிக்கு அப்பால் அமர்ந்த பட்டாம்பூச்சியை நோக்கி நீளும் கையொன்று வேட்டுச் சத்தத்தோடு துவள்வதாகப் பவுலின் சாவைக் காட்டுகிறது. பெர்லினில் நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் கொட்டகைக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் கலகம் செய்ய, படமே தடைசெய்யப்பட்டது.

எட்வர்ட் பெர்கரின் 2022 ஜெர்மன் படமோ, விடுமுறையில் வீடு திரும்பியவன் தாயிடமும் பேச வார்த்தையின்றித் தவிக்கும் பகுதியை, நாவலின் ஹிருதயமென்றே சொல்லத்தக்கதை, அறவே நீக்கி, ஜெர்மன் தூதுக்குழுத் தலைவர் எர்ஸ்பெர்கரின் சமாதானப் பேச்சைப் புதிதாகச் சேர்த்து, நவம்பர் 11-இல் போர்நிறுத்த வேளைக்குச் சற்று முன் பவுலைக் கொல்கிறது. எவரும் கவனியாத சாவு இங்கே சரித்திர முகூர்த்தமாகிவிட்டது. ஆயினும், முன்னரே மாண்ட வேறொருவனின் சீருடை வெளுத்துத் தைக்கப்பட்டு, பழைய பெயர்ச்சீட்டு கழுத்துப்பட்டையில் ஒட்டியபடியே பவுலின் கைக்கு வரும் காட்சி, மூலத்தில் இல்லாததாயினும், ரெமார்க்கே எழுதியிருக்கக்கூடியது.