சிறைப்பட்ட பெண்ணின் ‘குணம்’: ஒரு கேள்வியின் வரலாறு



பெண்கள் சிறைக்குள் ஆய்வாளர்கள் வினாத்தாளோடு போகிறார்கள். கோபம், பதற்றம், அடங்காமை எனக் குணங்களுக்கு மதிப்பெண் இட்டு, அவள் ஏன் வன்முறையில் இறங்கினாள் என்று சொல்லப் பார்க்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இந்த நினைவுரையில் அதைப் பார்ப்போம்.

1893இல் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ, ஃபெரேரோவுடன் சேர்ந்து குற்றவாளிப் பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மண்டையோட்டையும் தாடையையும் அளந்து ‘பிறவிக் குற்றவாளி’யை அடையாளம் காணலாம் என்றார். அத்தகைய பெண்கள் அரிது, ஆனால் ஆணைவிடக் கொடியவர்கள் என்பது அவர் முடிவு.

இந்தியாவில் ஆங்கில அரசு அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, மண்டையோட்டை அளக்காமலே அந்த முடிவுக்கு வந்துவிட்டது. பிறப்பே அதற்குப் போதுமானதாக இருந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் சமூகங்களை முழுதாகவே குற்றவாளிகள் என்று அறிவித்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. ஆனால் அந்தப் பார்வை சிறை விதிநூல்களில் தங்கிவிட்டது. சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான்.

பூலான் தேவியை நினைத்துப் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தின் படகோட்டிச் சாதியான மல்லா குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே தன்னைவிட மிக மூத்த ஒருவருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். பெஹ்மாய் கிராமத்தில் தாக்கூர்கள் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகச் சொன்னார். 1981 பிப்ரவரி 14இல் அவர் கும்பல் அங்கே 20 ஆண்களைச் சுட்டுக் கொன்றது. தான் சுடவில்லை என்று அவர் மறுத்தே வந்தார். 1983இல் சரணடைந்தார். விசாரணை முடியாமலே 11 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பத்திரிகைகளுக்கு அவர் ‘கொள்ளைக்காரி ராணி’.

அந்தக் கொலைகளை நாம் நியாயப்படுத்தவில்லை. இறந்தவர்களின் வீடுகளிலும் பெண்கள் அழுதார்கள். ஆனால் பூலானின் கையில் வினாத்தாளைக் கொடுத்திருந்தால் கோபத்துக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்திருக்கும். அந்தக் கோபத்தின் பூர்வீகம் அதில் ஒரு வரிகூட இருந்திருக்காது.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். ஆய்வுக்குப் போகும் மாணவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: குணத்தை அளக்கும் முன் அவள் சாதியை, நிலத்தை, திருமண வயதைக் கேளுங்கள். முதலில் அவளை அடித்தது யார், அன்று எந்தக் காவல் நிலையம் புகாரை வாங்க மறுத்தது என்றும் கேட்டு எழுதுங்கள்.