தானியங்கிக் கேமரா (வனவிலங்குக் கண்காணிப்பு)

தானியங்கிக் கேமரா என்பது, தன் முன்னே வெப்பமுள்ள உடல் நகரும்போது அகச்சிவப்புக் கதிர்களில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து, ஆளின்றித் தானே படமெடுக்கும் கண்காணிப்புக் கருவியாகும். கேரளத்தில், இடுக்கி, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பரந்துள்ள பெரியாறு, பாலக்காடு மாவட்டத்திலுள்ள பறம்பிக்குளம் ஆகிய புலிகள் காப்பகங்களில் புலிக் கணக்கெடுப்புக்கு இதுவே முதன்மைக் கருவி.

புலிக்குப் புலி வரிகள் வேறுபடுவதோடு, ஒரே புலியின் இடப்புற, வலப்புற வரிகளும் ஒத்திராமையால், காட்டுத்தடத்தின் இருபுறமும் ஏறத்தாழ முழங்கால் உயரத்தில் இரு கேமராக்கள் மரத்தில் கட்டப்படுகின்றன; ஒன்றின் ஒளிவீச்சு மற்றதன் படத்தைக் கெடுக்காதிருக்க, அவை நேருக்கு நேராக அன்றிச் சற்றே விலக்கி வைக்கப்படும். வெயிலில் சூடேறிய புல் காற்றில் அசைந்தாலும் கருவி இயங்கி, வெற்றுப்படங்கள் குவியும் என்பதால் கேமராவுக்கு முன்னுள்ள புல் செதுக்கப்படுகிறது. கேமராவைக் கட்டுவது எளிது; தடம், எச்சம், நகக்கீறல் கண்டு இடம் தேர்வதே கடினம்; அதில் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும்.

இந்தியாவில் கேமராவால் புலிகளைக் கணக்கெடுக்கும் இம்முறையை 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளெயில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் முன்னெடுத்தார். 26,838 இடங்களில் கேமரா வைத்த 2018 அகில இந்தியக் கணக்கெடுப்பு கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று.