தூசி உறிஞ்சும் பொறியும் வீட்டுப் பிராணிகளும்

1901 ஆம் ஆண்டில் இலண்டன் எம்பயர் மண்டபத்தில் அமெரிக்கர் ஒருவர் புதிய பொறி ஒன்றை இயக்கிக் காட்டினார். அமுக்கிய காற்றைப் பாய்ச்சித் தூசியைக் கிளப்பிப் பெட்டிக்குள் விழச் செய்வது அதன் நோக்கம். தூசி கிளம்பியது, ஆனால் அதிற் பெரும்பகுதி பெட்டிக்குள் விழாமற் பழைய இடத்திலேயே மீண்டும் படிந்தது. அதனைக் கண்ட ஹியூபெர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், ஊதுவதை விடுத்து உறிஞ்சினால் என்ன என்று வினவினார். அது இயலாது என்பதே அவர் பெற்ற விடை.

பூத் அத்துடன் விடவில்லை. உணவுச்சாலை ஒன்றில் மெத்தை நாற்காலியின்மீது கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்துப் பலமாக உறிஞ்சினார். மூச்சுத் திணறியது. ஆயினும் கைக்குட்டையின் அடிப்புறத்தில் அழுக்குப் படிந்திருந்தது. தூசியை இழுக்கக் காற்று வேண்டும். இழுத்த தூசியைத் தடுத்து நிறுத்தத் துணியும் வேண்டும் என்ற இரண்டும் அன்று தெளிவாயின. அவர் அமைத்த பொறியோ குதிரை வண்டியில் ஏறித் தெருவில் நிற்கும்; நீண்ட குழாய்கள் மட்டும் சாளரங்களின் வழியே வீட்டினுள் நுழையும். 1902 இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தின் கம்பளங்களைத் தூய்மை செய்தது இப்பொறியே.

சாதாரண குடும்பத்திற்கு ஏற்ற பொறியை ஆக்கியவர் செல்வரல்லர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கன்ரன் நகரில், ஒரு கடையைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர் என்பவர் ஈளை நோயாளர். கூட்டுந்தோறும் எழுந்த தூசி அவரது மூச்சை வாட்டியது. மின்விசிறியின் மோட்டர், தும்புத்தடியின் பிடி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவர் ஒரு பொறியைச் செய்தார். அதன் முகப்பில் சுழலும் தூரிகை ஒன்றும் இருந்தது. 1908 இல் அவர் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தினர் அதுவரை தோற்பொருள் வணிகம் செய்துவந்தவர்கள்.

நாயும் பூனையும் வளரும் வீட்டில் அந்தத் தூரிகையின் அருமை விளங்கும். கம்பள இழைகளிற் பின்னிக்கொண்ட உரோமத்தை வெறும் காற்று எளிதில் இழுத்துவிடாது. தூரிகை கிளறிக் கொடுத்தல் வேண்டும். கம்பளம் விரியாத தரைக்கு அது பெரிதும் வேண்டியதில்லை. உரோமம் தூரிகையிற் சுற்றிக்கொள்ளும் தொல்லையும் உண்டு. ஆதலின் தூரிகையை எளிதிற் கழற்றித் துப்புரவு செய்யக்கூடியதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் உரோமம் மூச்சுக்குப் பெரிய பகையன்று. பூனையால் வரும் ஒவ்வாமைக்கு முதற் காரணம், அதன் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம். நக்கித் தன்னைத் தூய்மை செய்யும் பூனை அதனைத் தன் உடலெங்கும் பூசிக்கொள்கிறது. உலர்ந்த பின் அது நுண்துகள்களாகக் காற்றில் மிதக்கும். பூனை வீட்டைவிட்டுப் போன பின்னரும் மாதக்கணக்கில் அங்கே தங்கும். தலையணை உறை போன்ற துணிப்பை இத்துகள்களைத் தடுக்க வல்லதன்று. முன்னே உறிஞ்சியதைப் பின்னே அறையெங்கும் தூவிவிடும். ஊதிக் காட்டிய அந்த அமெரிக்கரின் பொறிக்கும் இதற்கும் அப்போது பெரிய வேற்றுமை இல்லை!

இதற்கு மாற்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1940களில் அணுகுண்டு ஆராய்ச்சியின்போது கதிரியக்கத் துகள்களைத் தடுப்பதற்கென உருவான நுண்வடிகட்டியே பிற்காலத்தில் 'ஹெப்பா' என்னும் பெயருடன் வீட்டுப் பொறிகளினுள்ளும் புகுந்தது. ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவான துகள்களில், நூற்றுக்கு 99.97 பங்கை அது தடுத்துவிடும். எனினும் வடிகட்டி இருந்தால் மட்டும் போதாது. பொறியின் மூட்டுக்கள் இறுக மூடியிராவிட்டால், காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியேறும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

பைக்கும் ஒரு குறை உண்டு. அதன் நுண்துளைகள் அடைபட, உறிஞ்சும் வலிமை குன்றும். இதனைக் கண்ட ஜேம்ஸ் டைசன் என்னும் ஆங்கிலேயர், காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் முறையை நாடி, 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். 1993 இல் அவர் பெயரிலேயே பையில்லாப் பொறி பிரித்தானியக் கடைகளுக்கு வந்தது. பை வாங்கும் செலவு ஒழிந்தது. ஆனால் நிறைந்த கிண்ணத்தைக் கவிழ்க்கும்போது தூசி மீண்டும் எழுகிறது. ஈளை நோயாளர் உள்ள வீட்டில், பிராணிகளும் இருப்பின், வாயடைத்து எறியக்கூடிய பையுள்ள பொறியே மேல். கிண்ணமுள்ள பொறிதான் கிடைத்ததெனில், அதனை முற்றத்திற்கு எடுத்துச் சென்று கவிழ்க்கும் வேலை நோயற்ற ஒருவருடையதாக இருக்கட்டும்.