கடைசி வரியில் ஒரு பெண் பெயர்

1647 செப்டம்பரில் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அனுமதியில்லாத செய்தித்தாளை எழுதியவருக்கு 40 ஷில்லிங் அபராதம். அச்சடித்தவருக்கு 20, கடையில் வைத்து விற்றவருக்கு 10. தெருவில் கூவி விற்றவருக்கோ அபராதமே இல்லை. கையிலிருக்கும் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு சவுக்கடி. படி இறங்க இறங்கப் பணம் குறைந்துகொண்டே வருகிறது, கடைசிப் படியில் உடம்பு ஈடாகிறது. அந்தக் கடைசிப் படியில் பெண்கள் நிறையப் பேர் நின்றார்கள்.

மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்ட காலம் அது. 1641இல் நட்சத்திர அறை நீதிமன்றம் ஒழிந்ததும் பழைய தணிக்கை குலைந்தது. அந்த நவம்பரிலேயே உள்நாட்டுச் செய்திகளைத் தாங்கிய முதல் வாரத்தாள் லண்டனில் வெளிவந்தது. நாடாளுமன்ற எழுத்தர்களின் குறிப்புகள், போர்முனைக் கடிதங்கள், வழியில் பிடிபட்ட எதிரியின் தபால் எல்லாமே செய்தியாயின. 1645இல் நேஸ்பி போரில் சிக்கிய மன்னரின் கடிதங்களை நாடாளுமன்றம் அச்சிட்டே வெளியிட்டது. அரசி ஹென்ரியெட்டா மரியாவுக்கு எழுதியவை அவற்றில் முக்கியமானவை. மன்னர் பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவர் என்பதும் அவர்மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று! அரசியல் சண்டையில் இந்தக் கல்லை எறியாத நாடு உண்டா?

மன்னர் தரப்பு 1643 ஜனவரியிலிருந்து ஆக்ஸ்போர்டில் ‘மெர்குரியஸ் ஆலிகஸ்’ என்ற தாளை நடத்தியது. அதை எதிரியின் நகரமான லண்டனுக்குள் கடத்திக்கொண்டு வந்தவர்களில் பெண்கள் இருந்தார்கள். அச்சகத்திலிருந்து மொத்தமாக வாங்கிக் கூவி விற்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த பெண்களுக்கு ‘மெர்க்குரிப் பெண்கள்’ என்றே பெயர். மெர்க்குரி ரோமானியரின் தூதுத் தெய்வம். தெய்வத்தின் பெயர் கிடைத்ததே தவிர, அவர்களில் பலருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

எலிசபெத் ஆல்கினின் பெயர் கிடைத்திருக்கிறது. அவர் கணவரை மன்னர் படை ஒற்றர் என்று தூக்கிலிட்டது. பிறகு அவரே நாடாளுமன்றத்துக்கு ஒற்றரானார். ரகசிய அச்சகங்களைக் காட்டிக்கொடுத்தார், 1650 வாக்கில் தன் பெயரிலேயே செய்தித்தாள்களை வெளியிட்டார். டச்சுப் போரில் காயம்பட்ட கடற்படையினருக்குச் செவிலியாகவும் இருந்தார். எதிர்த்தரப்பு அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘பார்லிமெண்ட் ஜோன்’. அவரை நாயகியாக்க எனக்கு மனமில்லை. மற்ற விற்பனைப் பெண்களின் முதுகில் சவுக்கு விழ அவர் தந்த தகவலும் உதவியிருக்கலாம். ஆனால் செய்தி என்ற தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவர்.

எங்கள் போத்தனூருக்கு 1860களிலேயே ரயில் வந்துவிட்டது. கொங்கு நாட்டில் பத்திரிகைக் கட்டு ரயிலிலும் தபாலிலும் ஊர் ஊராகப் போனது. ஒளித்துக் கடத்த வேண்டியதில்லை. ஆனால் ஆளைப் பிடிக்க அரசுக்கு வேறு வழி இருந்தது. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி, அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி கொடுத்து, ஒவ்வோர் இதழிலும் பெயரைப் போட்டாக வேண்டியிருந்தது. நாம் யாரும் படிக்காத அந்தக் கடைசி வரியைப் போலீஸ்தான் முதலில் படிக்கும்.

ஈரோட்டில் 1925 மே 2 அன்று தொடங்கிய ‘குடி அரசு’ வார இதழில் அப்படிப் பெயர் கொடுத்தவர் எஸ்.ஆர். கண்ணம்மாள், பெரியாரின் தங்கை. 1921 கள்ளுக்கடை மறியலில் அண்ணி நாகம்மாளோடு ஈரோட்டுத் தெருவில் நின்றவர். 1933 மே 11 அன்று நாகம்மாள் இறந்தார். பெண் விடுதலை பேசிய தான் அவர் விஷயத்தில் அதன்படி நடக்கவில்லை என்று பெரியாரே இரங்கலுரையில் எழுதினார். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 29 இதழில், ‘இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும்?’ என்ற தலையங்கம் வந்தது. அரசு 124-ஏ பிரிவின்கீழ், ராஜத்துரோகம் என்று வழக்குப் போட்டது. எழுதிய அண்ணன் மீது மட்டுமல்ல, வெளியிட்ட தங்கை மீதும்.

ஈரோடு அன்று கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்ததால் வழக்கு கோவையில் நடந்தது. 1934 ஜனவரியில் இருவருக்கும் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தார்கள். பெரியார் அங்கே கொடுத்த வாக்குமூலம் இன்றும் மறுபதிப்பாகிறது. அதே வழக்கின் இன்னொரு குற்றவாளியைப் பற்றி அரை வரி இருந்தால் அதிகம்.

‘அவர் பேருக்குத்தானே பதிப்பாளர்’ என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் சொன்னார்கள். ஊராட்சித் தலைவியாக இருக்கும் பெண்ணைப் பற்றியும் இதையேதான் சொல்கிறோம். உண்மையிலேயே பேருக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும், சட்டம் கேட்டது அந்தப் பேரைத்தான். ஜெயிலுக்குப் போனது பேர் மட்டுமல்ல, அந்தப் பெண். ராஜத்துரோகம் வரும் என்று தெரிந்தே ஒருத்தி இடும் கையெழுத்து, தலையங்கம் எழுதுவதைவிட எந்த விதத்தில் சின்ன வேலை?

பெரியாரின் எழுத்துகளைத் தொகுப்பவர்கள் கட்டுரைகளைத் தேடி எடுக்கிறார்கள், அது அவர்கள் வேலை. பதிப்பாளர் பெயருள்ள வரி கட்டுரையில் சேராது, அதனால் தொகுப்பிலும் வராது. பழைய இதழ்களை நூலகத்தில் புரட்டும் மாணவிகள் முதல் பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தின் அடியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். ‘குடி அரசு’ மட்டுமல்ல, எந்தப் பழைய இதழானாலும் சரி. அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள்.